ஒன்பது என்றாள் ஹானோரா

கொப்னட் என்ற பெயரைக் கேட்டதும் கான்ஸ்டபிள் டெவ்லின் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இந்த வீட்லயும் ஒருத்தியா? காலையிலேருந்து வீட்டுக்கு ஒரு கொப்னட் எழுதியாச்சு. வடக்கே எங்க டைரோன் பக்கம் வலைபோட்டுத் தேடினாலும் ஒருத்தி கிடைக்கமாட்டா. உங்க பள்ளத்தாக்குல வேற பேருக்குப் பஞ்சமா?"

"எங்க ஊர்ப் புனிதை பேரு சார். தேனீக்கெல்லாம் அவதான் தலைவி. கேலி பண்ணாதீங்க, ஸ்டேஷன் போய்ச் சேர்றதுக்குள்ள கொட்டிரும்," என்றான் வீட்டுக்காரன் ஃபினீன்.

அந்தப் பெயருக்கு உரியவள், பதினெட்டு வயது மகள், டெவ்லினுக்கு டீயும் சோடா ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். 1911ஆம் வருஷத்து ஜனக்கணக்கு. அயர்லாந்தின் தெற்கே கார்க் மலைப்பக்கம் அந்த வேலை போலீஸ் தலையில்தான் விழுந்திருந்தது. எழுதத் தெரியாத வீடுகளில் அவர்களே கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொள்வார்கள். ஃபினீனுக்கு எழுதத் தெரியாது. பேசத் தெரியும், அதிலும் தன் பிள்ளைகளைப் பற்றி என்றால் நிறுத்தத் தெரியாது.

"இந்தத் தடவை புதுசா ஒரு கேள்வி," என்றார் டெவ்லின். "கல்யாணமான பொம்பளைங்களுக்கு மட்டும். உசிரோட பொறந்த பிள்ளைங்க எத்தனை, இப்ப இருக்கிறது எத்தனை?"

"பொறந்தது எட்டு, இருக்கிறதும் எட்டு. மூத்தவனுங்க ரெண்டு பேர் பாஸ்டன்ல, மிச்சம் இங்க. ஒண்ணைக்கூட நாங்க பறிகொடுக்கலை, எழுதிக்கோங்க," என்றான் ஃபினீன், மார்தட்டாத குறையாக.

"ஒன்பது," என்றாள் ஹானோரா.

அடுப்பருகே நின்றிருந்த மனைவியை அவன் திரும்பிப் பார்த்தான். முட்டைக் கணக்கில்கூடப் பிசகாதவள் அவள்.

"எட்டுடி."

"உசிரோடன்னுதானே கேக்குறாரு? ஒன்பது."

வடக்கத்திக்காரரான டெவ்லினுக்குப் புரியக்கூடாதென்று ஃபினீன் ஆங்கிலத்தை விட்டு ஐரிஷுக்குத் தாவினான்.

"கொப்னட்டுக்கு முந்தினதைச் சொல்றியா? அது செத்துத்தானே பொறந்துச்சு? மருத்துவச்சி சொன்னாளே!"

"அவ வந்தப்போ எல்லாம் முடிஞ்சு நான் மயங்கிக் கிடந்தேன். பாத்ததை வெச்சு அவளா சொன்னா. நீ சந்தைக்குப் போயிருந்தே. குழந்தை அழுதுச்சு, ஃபினீன். அப்புறம் மூச்சுத் திணறுச்சு. குவளைத் தண்ணியை நானே தலையில ஊத்தி, பிதா சுதன் பேராலே ஞானஸ்நானம் கொடுத்தேன். சாகப்போற பிள்ளைக்கு யாரு கொடுத்தாலும் அது செல்லும்ல? பேரும் வெச்சேன்."

அந்தக் குழந்தையை வெண்ணெய்ப் பெட்டியில் வைத்து இருட்டோடு இருட்டாக ஃபினீன்தான் எடுத்துப் போனான். ஞானஸ்நானம் இல்லாத சிசுவுக்குக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. அப்படிப்பட்ட சிசுக்களைப் புதைக்கிற வயலோரத்துக் கில்லீன் மேடுதான், ஜெபமும் கிடையாது. மோட்சமும் கிடையாதென்று பாதிரியார் சொல்லிவிட்டார். ஒவ்வொரு பூசையிலும் தன் பிள்ளை எங்கோ ஒரு கதவுக்கு வெளியே நிற்பதாக நினைத்து அவன் மனசுக்குள் அழுதிருக்கிறான்.

"அப்போ... அவ மோட்சத்துலதான் இருக்காளா?"

"இருக்கா."

ஒரு கணம் சந்தோஷத்தில் நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. அடுத்த கணம் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடிப்பாவி! இருபது வருஷமா ஏன்டி சொல்லலை?"

"காய்ச்சல் தெளிஞ்சு நான் கண்ணு முழிச்சப்போ நீ புதைச்சு நாளாயிருச்சு. ஞானஸ்நானம் வாங்கின பிள்ளையை ஒரு ஜெபம்கூட இல்லாம மேட்டுல போட்டுட்டோம்னு தெரிஞ்சா நீ தாங்கியிருப்பியா? நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

"நான் தூங்கினேன்னு உனக்கு யாரு சொன்னது?"

ஹானோரா திரும்பி அடுப்பைக் கிளறினாள். அவன் விடவில்லை.

"இத்தனை நாள் மூடின வாயை இன்னிக்கு எதுக்குத் திறந்தே?"

"உசிரோட பொறந்துச்சான்னு இதுவரைக்கும் யாருமே என்னைக் கேக்கலை. கேட்டப்புறமும் இல்லைன்னு சொன்னா, நானும் ஒரு தடவை புதைச்ச மாதிரிதானே?"

"என்ன பேரு வெச்சே?"

ஹானோரா மகளைப் பார்த்தாள். செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்த ஊரில் வழக்கம்தான். ஆனால் அது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தே நடக்கும்.

"என் பேரா?" என்றாள் கொப்னட். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, நீ என்னைக் கூப்பிடுறப்பல்லாம் யாரைக் கூப்பிட்டே?"

டெவ்லினுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. "ஒரு பிள்ளைக் கணக்குக்கா இவ்வளவு சண்டை? எட்டா, ஒன்பதா? அடுத்த வீட்டுக்குப் போகணும்."

"ஒன்பது," என்றான் ஃபினீன். "இருக்கிறது எட்டு. அந்தக் குழந்தை பேரையும் எழுதுங்க."

டெவ்லின் அவன் முகத்தைப் பார்த்தார். கேலியெல்லாம் போய்விட்டது. "செத்தவங்க பேருக்கு இதுல இடம் இல்லீங்க," என்றார் மெதுவாக.

அவர் போனதும் ஃபினீன் தொப்பியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கி நடந்தான். கூப்பிடாமலே ஹானோரா பின்னால் வந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கில்லீன் மேட்டில் புதருக்கும் பெரணிக்கும் நடுவே எழுத்தில்லாத கற்கள் தலைநீட்டிக் கொண்டிருந்தன.

"எது?" என்றாள் ஹானோரா. "கேட்டா அழுதிருவேன், அழுதா சொல்லிருவேன்னு இத்தனை வருஷமும் கேக்காமலே இருந்துட்டேன். நம்ம பிள்ளை எங்க இருக்கா?"

அவன் கற்களைப் பார்த்தான். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. மாடுகள் மேய்ந்து சிலதைப் புரட்டியும் போட்டிருந்தன. புதைத்த ராத்திரி நிலா இல்லை, கைக்குக் கிடைத்த கல்லை வைத்துவிட்டு ஓடிவந்தவன் பிறகு இந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை. கோபம் இன்னும் ஆறவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நன்றாக வேண்டும் இவளுக்கு என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அவள் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதோ," என்று முள்மரத்தடியில் பாசி படிந்த ஒரு கல்லைக் காட்டினான். "இதுதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

ஹானோரா மண்டியிட்டு அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு, கொப்னட், கொப்னட் என்று கதறினாள். ஃபினீன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெபத்தைச் சத்தமாகத் தொடங்கினான். அது எந்தக் கல் என்று அவனுக்குச் சத்தியமாகத் தெரியாது.