‘கொடு’ என்ற சொல்லும் நைனாவின் செருப்பும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெட்கத்திலிருந்து. செஞ்சியில் எங்கள் நைனாவின் வீட்டில், சமையற்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூடத்தில் நைனா சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார். அவர் மெட்ராஸ் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள் முடித்தாக வேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: செஞ்சிக் கோட்டையின் மேல் மாலைக் கதிரவன் தன் பொற்கரங்களை—

சீ. கோட்டை அது பாட்டுக்கு இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2

என் வீட்டுக்காரரின் பேரை நான் சொல்லக்கூடாது. கதைக்காக வெங்கடரமணன் என்று வைக்கிறேன். மெட்ராஸில் காலேஜ் வாத்தியார். ஆங்கிலம், ஜெர்மன் என்று ஒரே குடும்பத்து மொழிகளில் ‘கொடு’ என்ற வினைச்சொல் எப்படியெல்லாம் உருமாறியது என்பது அவருடைய ஆராய்ச்சி. எங்களுக்கு இன்னும் தலைதீபாவளி வரவில்லை.

நைனா சிங்காரவேலுவுக்கு பஜாரில் மல்லாட்டை மண்டி. (நிலக்கடலைதான். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) நவராத்திரியில் அம்மன் கோயிலில் தினம் ஒரு கடைக்காரரின் மண்டகப்படி. அன்றைய செலவும் அவருடையது, தலையில் கட்டும் பரிவட்ட மரியாதையும் அவருடையது. வருஷா வருஷம் நாதஸ்வரம் வைக்கிற நைனா, இந்த அறுபத்தாறில் மாப்பிள்ளையின் சொற்பொழிவு என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்.

3

கூட்டம் சுண்டலுக்குக் காத்திருந்தது. அவர் பேசினார்.

“ஆங்கிலத்தில் கிவ். ஜெர்மனில் கேபன். டச்சில் கேவன். ஸ்வீடிஷில் யீவா. ஆங்கிலேயரும் ஆதியில் யிவ் என்பதுபோலத்தான் சொன்னார்கள். கடல் தாண்டி வந்து குடியேறிய வடவரோடு பழகித்தான் கிவ் என்று ஆனது. நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையது கோத்திக் மொழி. அதில் கிபன்.”

பின்வரிசையில் யாரோ “கேபன், கேவன்” என்று ராகம் போட, சிரிப்பு. அவர் முகம் சுண்டிவிட்டது. அவரைத் தூக்கிவிட நினைத்து நைனா எழுந்தார்.

“மாப்ளே, அந்த கிபனுக்கு முன்ன இன்னா வார்த்தை இருந்துது? அதையும் சொல்லுங்க, கேப்போம்.”

அவர் மைக்கிலேயே சொன்னார்: “மல்லாட்டை எடை போடறவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு மாமா?”

கோயிலே சிரித்தது. நைனாவும் சேர்ந்து சிரித்தார். குருக்கள் பரிவட்டத்தோடு வந்தபோது, “மாப்ளைக்குக் கட்டுங்க சாமி” என்று விலகி நின்றார். எனக்குக் கோயில் தரையிலேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

(முதல் பிரதியில் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டேன். இரண்டாவதில் நைனாவுக்குப் பதில் காதில் விழவில்லை என்று எழுதினேன். இரண்டும் அடுப்புக்குப் போயின.)

4

மறுநாள் என்னைத் தீபாவளிவரை நைனா வீட்டில் விட்டுவிட்டு மெட்ராஸுக்குக் கிளம்பும்போது, பஸ் ஸ்டாண்டில் அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“நீலா, மாமா கேட்டதுதான் சரியான கேள்வி. அதுக்கு முன்னாடி என்னன்னு எங்க ஆராய்ச்சி ஆளுங்க யாருக்கும் உறுதியாத் தெரியாது. எனக்கும் தெரியல. அதைச் சொல்ல வாய் வரல. மாமாகிட்ட சொல்லிடாத.”

(அந்தச் சொல்லின் வேருக்குப் ‘பிடித்துக்கொள்’ என்ற பொருள் இருந்திருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்களாம். இதை வைத்து ஜோராக ஒரு முடிவு எழுதலாம். எழுத மாட்டேன். கூசுகிறது.)

5

அன்றிலிருந்து நைனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“நான் இன்னாம்மா தப்பா கேட்டுட்டேன்? படிச்ச புள்ளையை சபையில கொளப்பிட்டேன் போலருக்குது. தலைதீபாவளிக்கு வராமப் பூட்டார்னா? மெட்ராஸ் போயி மன்னிப்பு கேட்டு, கையோட அழைச்சிக்கினு வந்துடறேன்.”

ஒரே வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் என் புருஷன் நைனாவின் கண்ணில் தாழ்ந்துவிடுவார். சொல்லாவிட்டால் நைனா, சரியான கேள்வி கேட்டதற்காக அவர் முன்னால் கைகட்டி நிற்பார். அதனால் நான் கதை எழுதுகிறேன். இதைவிடக் கேவலம் உண்டா?

6

முடிவு ஒன்று. சொல்லிவிடுகிறேன். நைனா சிரித்துவிட்டு, “அட, தெரியலன்னா தெரியலன்னு—”

இல்லை. என் வசதிக்கு நைனாவை இவ்வளவு சுலபமாகப் பெருந்தன்மைக்காரராக்க எனக்கு உரிமை இல்லை.

முடிவு இரண்டு. சொல்லவில்லை. மெட்ராஸ் வீட்டு வாசலில் நைனா கும்பிடுகிறார். என் வீட்டுக்காரர் அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்—

இதை எழுதக் கை வரவில்லை.

7

“நீலா, எஞ்செருப்பு பாத்தியா?”

“இல்ல நைனா.”

விறகுக்குப் பின்னால் இருக்கிறது. நான்தான் ஒளித்து வைத்தேன். கதையை முடிக்க அவகாசம் வேண்டியிருந்தது.

“கெடக்குதும்மா. மன்னிப்பு கேக்கப் போறவனுக்கு செருப்பு இன்னாத்துக்கு?”

கிளம்பிவிட்டார். எழுந்து ஓடினால் தெருக்கோடியில் பிடித்துவிடலாம். நைனா, நீங்க கேட்டது—

பாருங்கள், காகிதத்தில்தான் வருகிறது. எழுந்திருக்காமல் இதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்தால் நீங்களாவது அவரிடம் சொல்லிவிடுங்கள். சலவை வேட்டி கட்டியிருப்பார். காலில் செருப்பு இருக்காது.