மாலத்தீவு நேரத்தில் ஒரு ஜீப்

ஆறே முக்காலாகியும் மின்சாரச் சங்கு ஊதவில்லை. சங்கு ஊதாமல் லட்சுமணன் ஜீப்பைக் கிளப்ப மாட்டார்.

உள்ளே புளி மூட்டைகளுக்கு நடுவே ஏழு பெண்கள், ஒரே நிறச் சட்டையில், இன்னும் ஏழு மூட்டைகளாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒடுகத்தூர் கபடிப் போட்டிக்கு ஒன்பது மணிக்குள் பேர் கொடுக்காவிட்டால் நெல்லிவாசல்நாட்டு அணி ஆட்டத்திலேயே இல்லை. ரெய்டு போவதில் புலியான செவ்வந்தி மூட்டைகளைத் தாண்டிக் கீழே குதித்தாள். சங்குக்குப் பொறுப்பே அவள்தான்.

முன்பெல்லாம் ஜீப் ஓட்டுநர்கள் தங்கள் வசதிக்குப் புறப்பாட்டுச் சங்கை ஊதிவிட்டு, அதற்காகக் கட்டிப் புரண்டு சண்டை போட்டார்கள். கடைசியில் ஊர் கூடி அம்மன் முன்னால் சத்தியம் வாங்கியது. மனுசர் கை படாமல், ஆறரைக்குச் சங்கு தானாக ஊத வேண்டும். அதுவரை ஒரு சக்கரமும் உருளக் கூடாது. தானியக் கிடங்கின் கம்ப்யூட்டர் அந்த வேலையைப் பார்த்தது. நேற்று அதில் புதிதாக லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றியவள் செவ்வந்தி.

கிடங்குக்கு ஓடினாள். பின்னாலேயே லட்சுமணன், அவர் பின்னால் அணி முழுவதும்.

கறுப்புத் திரையில் மணி கேட்டாள். 1:19 என்றது.

"இன்னாம்மா, நட்டநடு ராத்திரின்னு காட்டுது?"

"அது உலகப் பொது நேரம்ணா. எந்த ஊருன்னு சொல்ல மறந்துட்டேன்."

"நெல்லிவாசல்நாடுன்னு அடி."

"அது பட்டியல்ல இல்லண்ணா."

"வேலூரு? மெட்ராஸாவது கீதா?"

"இந்தியாவுக்கே கல்கத்தா ஒண்ணுதான் கீது."

"இன்னாது! கல்கத்தாக்காரன் சொல்லி நம்ம ஜீப்பு போவணுமா?"

அணியில் ஒருத்தியான செல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். செவ்வந்தி தட்டினாள்:

timedatectl set-timezone Asia/Kolkata

மணி 6:52. எல்லாரும் கைதட்டினார்கள். சங்கு மட்டும் மூச்சு விடவில்லை. ஆறரைதான் தாண்டிவிட்டதே, இனி நாளைக்குத்தான்.

"நானே ஊதிடட்டாண்ணா?"

"கை படக் கூடாது. சத்தியம்."

"ஆறரைய ஏழுன்னு மாத்தட்டா?"

"ஆறரைன்னுதான் சத்தியம்."

கபடியில் ஏழு பேர் அமுக்கிப் பிடித்தாலும் கோட்டைத் தொட ஒரு விரல் போதும். செவ்வந்தி பட்டியலை மறுபடி உருட்டினாள். நமக்கு அரைமணி பின்னால் ஓடுகிற ஊர் ஒன்று வேண்டும். சிக்கியது.

"அண்ணா, எந்த ஊரு ஆறரைன்னு சத்தியத்துல சொன்னீங்களா?"

லட்சுமணன் தலையைச் சொறிந்தார். "அது... சொல்லலியே."

timedatectl set-timezone Indian/Maldives

"மாலத்தீவுல இப்ப ஆறு இருபத்தஞ்சுதாண்ணா!"

ஐந்து நிமிடம் எல்லாரும் திரையையே முறைத்தார்கள். 6:30. மலையே அதிரச் சங்கு ஊதியது. லட்சுமணன் அம்மன் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முதல் ஆளாக ஜீப்புக்கு ஓடினார்.

மைதானத்தில் பேர் கொடுத்தபோது எட்டு ஐம்பத்தைந்து. பேனாவைக் கீழே வைத்த பிறகுதான் செவ்வந்திக்கு உறைத்தது.

"ஐயோ, திருப்பி மாத்தலியேடி! நம்ம ஊரு இன்னும் மாலத்தீவுலயே கீது!"

"கெடக்கட்டும் வுடு," என்றாள் கூட ஆடும் நீலாவதி, தொடையைத் தட்டிக்கொண்டே. "செயிச்சுட்டு வூட்டுக்குப் போனா, நாளைக்கு அரைமணி சேத்துத் தூங்கலாம்."