புகார்ப் பிரிவுக்காரியின் கட்டுரை

கணினியே திருத்தும் பயிற்சிக் கட்டுரைக்கு மூன்றாவது முறையாக ஆறுக்கு இரண்டு மதிப்பெண் வந்தபோது, பொய் சொல்கிற வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல அவள் கணினியைப் பார்த்தாள்: பல்லைக் கடித்துக்கொண்டு, மரியாதையாக. மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு இன்னும் ஆறே நாள். கணக்கில் அவள் புலி. கட்டுரையில்தான் கோட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கருத்தை ஏற்றோ மறுத்தோ முப்பது நிமிடத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான். அவளோ பதினொரு வருடமாகத் துணி துவைக்கும் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதில் கடிதம் எழுதுகிறவள். தப்பு யாருடையது என்பதை மட்டும் சொல்லிவிடாமல் இரண்டு பக்கம் எழுதுவதில் அவளை அடிக்க ஆளில்லை. நகரங்களில் கார்களைத் தடை செய்யலாமா என்ற கேள்விக்கு, கார் வைத்திருப்பவர்களின் மனவருத்தமும் நடப்பவர்களின் சிரமமும் உரிய கவனத்தில் கொள்ளப்படும் என்று எழுதி, பொறுமைக்கு நன்றி வேறு சொல்லியிருந்தாள்.

வீட்டிலும் அதே பாட்டுதான். கணவனின் அக்கா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, முழங்கால் வலி என்று சொல்லி இங்கேயே வந்து இருந்துவிடவா என்று போன மாதம் கேட்டபோது, 'பார்க்கலாம் அண்ணி' என்றாள். அந்தப் 'பார்க்கலாம்' இப்போது இரண்டு பெட்டிகளோடு ஹாலில் உட்கார்ந்திருந்தது. வீட்டில் மிச்சமிருந்தது ஒரே அறை. அவள் படிக்கிற அறை.

"நீயே அக்காகிட்ட பக்குவமா சொல்லிடேன்," என்றான் கணவன், செருப்பை மாட்டிக்கொண்டே. அக்கா முன்னால் அவன் வாய் திறந்ததாகச் சரித்திரமே கிடையாது. காய்கறி வாங்கப் போகிறானாம். ஃபிரிட்ஜ் கதவு மூட முடியாத அளவுக்குக் காய்கறி இருந்தது.

அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, சமையலறை டைமரில் முப்பது நிமிடம் வைத்தாள். இந்த அறையை ஏன் தர முடியாது? முதல் வரியிலேயே முடிவு. பின்னாலேயே மூன்று காரணங்கள். அண்ணியின் முழங்காலுக்கு ஒரு முழுப் பத்தி, அதற்கு மறுப்பாக, ஹால் சோபா கட்டிலாக விரியும், பாத்ரூம் அங்கிருந்து நாலே எட்டு. நன்றி சொல்லவில்லை. கணினி யோசித்துவிட்டு ஆறுக்கு ஐந்தரை போட்டது.

அந்தத் தெம்பில் அதை அச்செடுத்து நாத்தனார் கையில் கொடுத்தாள்.

நாத்தனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டாவது காரணம் சுத்தமா நிக்கலையே," என்றாள். "இதுக்கு எவ்வளவு நேரம் குடுப்பாங்க?"

"முப்பது நிமிஷம், அண்ணி."

நாத்தனார் பேனா கேட்டு வாங்கினாள். தாளைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மறுத்து நான் எழுதறேன். டைமரை வை."

காய்கறிப் பையோடு திரும்பி வந்த கணவன், உள்ளே டைமர் ஓடும் சத்தத்தையும் பேனா கீறும் சத்தத்தையும் கேட்டு, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.