மிளகு வந்த நாள்

குளியலறைத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, மகள் அந்தச் சின்ன நாய்க்கு இரண்டாவது தடவையாக ஷாம்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருக்கிற பெரிய நாய் தடியனுடைய ஷாம்பு அது. தடியனின் வாசனையே இதற்கும் வந்துவிட்டால் சண்டை வராது என்பது அவள் போட்ட கணக்கு. லாண்டரியில் பாதி ஆயுளைக் கழித்தவள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் ஓட்டல் மேஜைத் துணியும் ஒரே மெஷினுக்குள் போய், ஒரே வாசனையோடு வெளியே வருவதைப் பார்த்துப் பழகியவள் வேறென்ன கணக்குப் போடுவாள்?

முன்னறைக் கட்டிலில் அப்பா கிடந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஆள், இப்போது ஒரு தலையணை கனம்கூட இல்லை. காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இனிமே ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம்மா. கூடவே இருங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பா கேட்டதெல்லாம் ஒன்றுதான். மிளகு எங்கே?

மிளகு அவருடைய நாய். கறுப்பாக, கைக்கு அடக்கமாக இருக்கும். அப்பா படுக்கையில் விழுந்து மகள் வீட்டுக்கு வந்தபோது, இங்கே தடியன் இருக்கிறதே என்று மிளகை அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று காலை அண்ணன் அதை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கேட்டருகில் இறக்கிவிட்டு, லீவு சொல்லிவிட்டு வருவதாக ஆபீசுக்குப் போனவன் போனவன்தான்.

"எவ்ளோ நேரம்மா? அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றார் கணவர் கதவுக்கு வெளியிலிருந்து. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இன்று வேனை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டிலிருந்தார்.

மிளகைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய் அப்பாவின் நெஞ்சில் வைத்தாள். அவருக்குக் கண்ணில் வெறும் நிழல்தான் தெரியும். விரல்களால் அதன் காதைத் தடவினார். தலையை முகர்ந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து தடியன் உறுமியது. மிளகு விறைத்துப்போய்க் கிடந்தது. நக்கவில்லை, முனகக்கூட இல்லை.

"இது எங்க புடிச்ச நாய்?" என்றார் அப்பா.

"மிளகுப்பா."

"மிளகு வாசனை எனக்குத் தெரியாதா? என்னமோ சோப்பு வாசனை அடிக்குது." கையை எடுத்துக்கொண்டார். "கண்ணு தெரியலன்னு எதையாவது கொண்டாந்து வைக்காதம்மா."

அவளுக்குச் சுரீரென்றது. "நான் குளிப்பாட்டினேன்ப்பா, அதான்" என்று அவள் தொடங்கும்போதே தடியன் பாய்ந்தது. மருந்து டம்ளர் உருண்டது. மிளகு பீரோவுக்கு அடியில் புகுந்துகொண்டது. தடியனை இழுத்துக்கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் கட்டினால், தெருவே கேட்கிற மாதிரி ஊளையிட்டது.

"அவனை ஏன் கட்டினீங்க? அவுத்து விடுங்க. என் கால்மாட்டுல கிடக்கட்டும்" என்றார் அப்பா. தடியன் வந்து பழையபடி கட்டிலுக்கு அடியில் படுத்தது. பீரோவுக்கு அடியில் மிளகு நடுங்கியது.

அவள் தரையில் குப்புறப் படுத்துக் கெஞ்சினாள். "ஒரு தடவை குரைடா. ஒரே ஒரு தடவை. அவருக்குத் தெரிஞ்சிடும்." அது மிரள மிரளப் பார்த்தது. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"எங்க வீட்லயும் ரெண்டு நாள் சோபாவுக்கு அடியிலதான் கிடந்துச்சு. நீ டென்ஷன் ஆகாத" என்றான் அண்ணன்.

டென்ஷன் ஆகாதே என்று சொல்வதற்கு ஒரு அண்ணன் வேண்டுமா? போனை நாற்காலியில் எறிந்தாள்.

கணவர் தன் போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்குள்ள கொண்டாரதுக்கு முன்னாடியே ரெண்டையும் ரோட்ல சேர்த்து நடத்தணுமாம். அப்பதான் பழகுமாம்."

"இதைக் காலையில படிச்சிருந்தா குறைஞ்சா போயிருப்பீங்க?"

"காலையில நீ என்னைக் கேட்டியா? நேரா தண்ணியில முக்கிட்ட."

அப்பாவைப் பார்த்தாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. பக்கத்திலேயே இருக்க வேண்டும்தான். ஆனால் இருந்து என்ன? கடைசி நேரத்தில் பெற்ற மகளே ஏமாற்றினாள் என்று நினைத்துக்கொண்டல்லவா போவார்? எப்படியாவது இந்த இரண்டும் சமாதானமாகி, மிளகு அவர் காலருகே பயமில்லாமல் படுத்தால் போதும்.

"நான் உக்காந்திருக்கேன். நீ போய்ட்டு சட்டுனு வா" என்றார் கணவர்.

மிளகைப் பீரோவுக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்து, கைக்கு ஒன்றாக இரண்டு நாயின் வாரையும் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். தடியன் ஒரு பக்கம் இழுத்தது. மிளகு நடுத்தெருவில் சப்பணம் போட்டதுபோல் உட்கார்ந்துவிட்டது. தூக்கி நிறுத்தினால் மறுபடி உட்கார்ந்தது. வார்கள் அவள் காலைச் சுற்றிக்கொண்டன. இந்தப் பாழாய்ப்போன ஷாம்பு யோசனை எந்த நேரத்தில் வந்ததோ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா மாடியிலிருந்து, "அப்பாவுக்குப் பரவாயில்லையா? நாயெல்லாம் கூட்டிட்டுக் கிளம்பிட்டே?" என்று கேட்டாள். இந்தம்மா வேறு. "ம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

தெருக்கோடி வரை போய்த் திரும்பினாள். மறுபடி போனாள். மெல்ல மெல்லத் தடியனின் உறுமல் நின்றது. மிளகும் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியது. சரியாக வீட்டு முன்னறை ஜன்னலைத் தாண்டும்போது ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. மிளகு குரைத்தது. அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத, துருப்பிடித்த கேட்டைத் திறப்பது போன்ற குரல்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தடியன் இப்போதுதான் அடங்கியிருக்கிறது, அதற்குள் கெடுக்க வேண்டுமா? "சும்மா இரு, சனியனே" என்று குனிந்து அதன் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் அது இன்னும் இரண்டு தடவை குரைக்கப் பார்த்துவிட்டு ஓய்ந்தது.

தடியன் பாயவில்லை. மிளகின் முதுகை முகர்ந்தது, காதை முகர்ந்தது, ஒரு தும்மல் போட்டது. பிறகு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. தெருக்கோடியில் ஒரே கம்பத்தில் அடுத்தடுத்துக் காலைத் தூக்கின. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வேகமாகத் திரும்பினாள்.

கணவர் எதிரே வந்துகொண்டிருந்தார்.

"பாத்தீங்களா" என்றாள், அவர் வாயைத் திறப்பதற்குள். "ஒண்ணா நடக்குதுங்க. இப்ப நேரா உள்ள கூட்டிட்டுப் போயிடலாம்."

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். காலில் செருப்பில்லை. வெயிலில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் காலை மாற்றிக்கூட வைக்கவில்லை.

"எப்போ?" என்றாள்.

"இப்பதான்."

"ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா? ஜன்னலுக்கு வெளியதானே நடந்துக்கிட்டிருந்தேன்."

"அதுக்கெல்லாம் நேரமே இல்லம்மா." அவர் தடியனின் வாரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "மிளகு குரைச்சுதே, அது அவருக்குக் கேட்டுச்சு. முகமே மாறிடுச்சு. 'வந்துட்டானா'ன்னாரு. ஆமான்னேன்."

"அப்புறம்?"

அவர் வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"'ஏன் நிறுத்திட்டான்'னாரு. அவ்ளோதான்."

வீட்டுக்கு முன்னால் ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் கூடியிருந்தார்கள். அண்ணனின் வண்டியும் வந்து நின்றது. கேட்டருகில் யாரோ கழற்றிவிட்டிருந்த செருப்பைப் பார்த்து மிளகு குரைக்க ஆரம்பித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அதை யாராவது அடக்குங்கப்பா" என்று ஒரு குரல் வந்தது.

அவள் வாரைத் தளர்த்திவிட்டு, அது குரைத்து முடிக்கும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.