அச்சு அசல்

டிவியில் ‘பதினோராவது மாடி’ தொடர் வந்த பிறகுதான் மனப் பதற்றம் என்று ஒன்று இருப்பதே ஜனங்களுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதை எழுதியவனுக்கு ஒரு தங்கை. வாஷிங் மெஷின் விற்கும் கம்பெனியில், புகார் பிரிவில் வேலை. நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “தண்ணி வெளிய போகலையா சார்? பின்னாடி பைப் மடங்கியிருக்கா பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மறுமுனையில் இருப்பவருக்குத் துணி ஊறிக்கிடக்கும் ஆத்திரம். அதை மெஷினிடம் காட்ட முடியாது என்பதால் இவளிடம் காட்டுவார். அப்படி ஒருநாள் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு படபடத்து, மூச்சடைத்து, சாகப்போகிறோம் என்று பயந்து மேசைக்கடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அது வேளை கெட்ட வேளையிலெல்லாம் வந்தது. டாக்டர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். காது மடலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் படும் சாமான்களின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கதவு. குடை. செருப்பு. சொல்லச் சொல்ல மூச்சு அடங்கும்.

வீட்டில் அவளும் அம்மாவும்தான். அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. “பாத்திரம் தேய்க்கிற நேரம் பாத்து வருதே, அது என்னடி வியாதி?” என்பாள். மகள் சுவரோரம் சுருண்டு கிடந்தால் அவளைத் தாண்டிப் போய் அடுப்பை அணைப்பாள். கல்நெஞ்சக்காரி என்று சொல்ல மாட்டேன். நம்பவில்லை, அவ்வளவுதான். மகளோ வியாதி போக வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. அது வரும்போது அம்மா நம்பிப் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். கேட்டது அது ஒன்றுதான்.

அண்ணன் கல்யாணமாகித் தனியாகப் போனவன். தொடருக்குக் கதை கிடைக்காமல் நாயாய் அலைந்துகொண்டிருந்தான். ஒரு காபிக் கடைக்குத் தங்கையை அழைத்துப்போய், “நீ சொல்லு, நான் எழுதறேன். அம்மா என்ன, ஊரே புரிஞ்சுக்கும்” என்றான். அவளும் மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினாள். அவன் போனில் பதிவு செய்துகொண்டான். காது மடலை விடவில்லை, குடையை விடவில்லை, செருப்பை விடவில்லை. “நான் நடிக்கல” என்று அவள் அம்மாவிடம் அழுததைக்கூட வசனமாக்கிவிட்டான். பேட்டிகளில் மட்டும், “பத்து டாக்டர்களோட உக்காந்து பேசினேன். மத்ததெல்லாம் என் கற்பனை” என்று வாய் கூசாமல் சொன்னான். உன் மானத்தைக் காப்பாற்றத்தான், அம்மாகிட்டகூட மூச்சு விடாதே என்று தங்கையிடம் விளக்கம் வேறு.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொடர் பலித்துவிட்டது அல்லவா! கதாநாயகி முதன்முதலாகக் காது மடலைப் பிடித்த அன்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாவம்டி அந்தப் பொண்ணு” என்றாள். விளம்பரம் ஓடும்போது, திரையைப் பார்த்தபடியே, “உனக்கும் இப்படித்தான் இருக்குமா?” என்று கேட்டாள். மகள் தலையாட்டினாள். அடுத்த முறை வந்தபோது அம்மா போட்டது போட்டபடி ஓடிவந்து, மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். அவளுக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

வெளியேதான் வினை. ரசிகப் பெருமக்கள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். “ரெண்டு அறை விட்டா சரியாயிடும்” என்றார் ஒருவர். “எனக்கும்தான் ஆபீஸ் இருக்கு, பிள்ளைங்க இருக்கு, மாமியாரும் இருக்காங்க. எனக்கு வரலையே?” என்று கேட்டாள் ஒரு பெண்மணி. தனக்கு ஏதோ பரிசு கொடுக்க மறந்துவிட்டார்கள் என்கிற தோரணை. அப்புறம் அந்தக் காது மடல் ஊரைப் பிடித்துக்கொண்டது. பரீட்சைத் தாளைப் பார்த்ததும் பிள்ளைகள் காதைப் பிடித்துக்கொண்டு “கதவு, குடை, செருப்பு” என்றார்கள். டிராபிக்கில் மாட்டிய டிரைவர் சொன்னார். கைக்குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்து வீடியோ எடுத்துப் போட்டார்கள். புகார் பிரிவில் கத்துகிற ஆள் யாருக்காவது மாட்டினால் வரிசை முழுக்கக் காதைப் பிடித்துக்கொள்ளும். அவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்து வைத்தாள். அண்ணன்தான் எழுதுகிறான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாதே என்று அது வேறு பயம்.

ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் லிஃப்டில் நெருக்கியடித்து ஏறினார்கள். பாதியில் விளக்கு அணைந்து லிஃப்ட் நின்றது. விளக்கு உடனே வந்தது, லிஃப்ட் நகரவில்லை. அவள் கை தானாகக் காதுக்குப் போனது.

“கதவு... பட்டன்... டிபன் பாக்ஸ்...”

லிஃப்டே குலுங்கும்படி சிரித்தார்கள்.

“அய்யோ, அச்சு அசல் அவளேதான்!” என்று கைதட்டினாள் பக்கத்து நாற்காலிக்காரி.

பிரிவுத் தலைவர் வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தார். குரல் நாலு மாடிக்குக் கேட்கும் என்பதால் அவருக்கு ஆபீஸில் ‘மைக்’ என்று பெயர். அவள் மூச்சுக்குத் தவித்து முட்டி போட்டு விழுந்தாள். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

“முட்டி போடறது எந்த எபிசோடு?” என்றார் மைக்.

“அதுல இல்ல சார். இவங்க சொந்தமா சேத்துக்கிட்டாங்க.”

“நான் நடிக்கல” என்றாள் அவள்.

விசில் பறந்தது. “டயலாக்கையும் விடல பாருங்க!”

அதற்கு மேல் அவள் எதைச் சொன்னாலும் அது அண்ணன் எழுதியதாகத்தான் இருந்தது. லிஃப்ட் நகர்ந்ததும் கைத்தாங்கலாக இறக்கி, தண்ணீர் கொடுத்து, “இங்க வந்து போன் எடுத்துக்கிட்டு இருக்கீங்களே மேடம், நீங்க எங்கயோ இருக்க வேண்டியவங்க” என்று மைக் மனசாரப் பாராட்டினார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீடியோவை ரசிகர் போட்டிக்கும் அனுப்பிவைத்தார். கதாநாயகிபோல யார் தத்ரூபமாகக் காது மடலைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. நேரடி ஒளிபரப்பு. நடுவர், தொடரின் எழுத்தாளர்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைக் போன் செய்து, “டிவியைப் போடுங்க மேடம், ஒரு சர்ப்ரைஸ்” என்றார். அம்மா ஏற்கெனவே போட்டுவிட்டு, மகன் வருகிறான் என்று டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். யார் யாரோ காதைப் பிடித்தார்கள், அரங்கம் சிரித்தது. பிறகு லிஃப்ட் வந்தது. முட்டி போட்டுக் கிடக்கும் மகளைப் பார்த்து அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இது எப்ப நடந்தது? ஏன்டி எங்கிட்ட சொல்லல?” என்று மகளின் கையை இறுகப் பிடித்தாள். “சுத்தி நின்னு சிரிக்கிறாங்களே, பாவிங்க!”

போகட்டும், ஊர் பார்த்தால் பார்க்கட்டும். அண்ணன் இருக்கிறான். இது வேஷமில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அங்கே நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

அண்ணன் முகம் வெளிறிவிட்டது. தொகுப்பாளினி விடவில்லை. “நீங்கதான் இந்த வியாதியைக் கரைச்சுக் குடிச்சவர். சொல்லுங்க சார், இவங்க எப்படி?”

அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பத்து டாக்டரும் கற்பனையும் ஒரே நிமிஷத்தில் காற்றில் போகும். அந்தக் கோழை ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான். சிரித்தான்.

“நல்ல முயற்சி. ஆனா கொஞ்சம் ஓவர். நிஜமா வர்றவங்க இப்படி முட்டி போட மாட்டாங்க. அந்தப் பயம் கண்ணுல தெரியணும். இவங்க கண்ணுல அது இல்லை.”

அரங்கம் கைதட்டியது. அம்மா மகளின் கையை விட்டாள்.

“அண்ணன் பொய் சொல்றான்மா. எல்லாம் நான் சொல்லித்தான் எழுதினான்.”

“பத்து டாக்டரைப் பாத்தவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?” அம்மாவின் குரல் தாழ்ந்து வந்தது. “ஆபீஸ்ல ஆடிக் காட்டத்தான் இத்தனை நாளா என் மடியில படுத்துப் பழகினியா? நானும் பைத்தியக்காரி மாதிரி உன் தலையைத் தடவிக்கிட்டு இருந்தேனே.”

மகள் பதில் சொல்ல எழுந்தாள். நெஞ்சு படபடத்தது, மூச்சு பாதியில் நின்றது, முட்டி மடிந்து அம்மாவுக்கும் டிவிக்கும் நடுவே விழுந்தாள்.

“தள்ளுடி, மறைக்குது” என்றாள் அம்மா. “பரிசு யாருக்குன்னு பாக்கணும்.”