தொடாமல் ஒரு மணி நேரம்

வீட்டில் அவனுக்கு மேதை என்று பெயர். வைத்தது அண்ணன். எட்டு மாதமாக வேலையில்லாமல் அண்ணன் வீட்டு மாடியறையில் படுத்துக் கிடந்தும் பெயர் மட்டும் மாறவில்லை. நாற்பத்து மூன்று வயதில் ஒரு மனிதனிடம் மிச்சம் இருப்பது ஒரு பட்டப்பெயர்தான் என்றால், அதை அவன் எப்படிக் கட்டிக்கொண்டு அழுவான் என்று சொல்லவா வேண்டும்?

பெயர் வந்ததற்குக் காரணம் பன்னிரண்டு ஸ்கிரீன்சேவர்கள். கம்ப்யூட்டரைச் சும்மா விட்டால் திரையில் ஏதாவது ஓடுமே, அந்தச் சமாசாரம். கல்லூரிக் காலத்தில் மேதை எழுதியவை. அண்ணி வரவேற்பில் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையில், காத்திருப்பு அறை டிவியில் அவை ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாகப் பல வருஷம் ஓடின. டிவிக்குக் கீழே இவன் பெயர் போட்ட பலகை வேறு. போன மாதம் அந்தப் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. புதிதில் இருக்கும் புரோகிராம் இவற்றைச் சீந்தவே இல்லை.

பெரிய டாக்டருக்கு அவற்றில் தண்ணீர்த்துளி என்ற ஒன்றின் மேல் கொள்ளை ஆசை. சொட்டுச் சொட்டாக விழும், வட்டம் வட்டமாக விரியும், அவ்வளவுதான். "எங்க கிளைகளுக்கெல்லாம் கம்ப்யூட்டரைப் பாத்துக்க ஒரு தலைமை ஆள் வேணும்மா. சனிக்கிழமை உங்க கொழுந்தனாரைக் கூட்டிட்டு வாங்க. அந்தத் துளி மட்டும் புதுசுல ஓடட்டும், மத்தது எதுவும் வேணாம். ஓடிச்சுன்னா அன்னைக்கே பேசி முடிச்சிடலாம்" என்று அவர் அண்ணியிடம் சொல்லி அனுப்பினார்.

அண்ணி மூச்சு வாங்க மாடியேறி வந்து சொன்னாள். மேதை புரண்டுகூடப் படுக்கவில்லை.

"அண்ணி, இதெல்லாம் நான் இருபது வயசுல விளையாட்டுக்குப் பண்ணினது. இப்பப் போய் இதை நோண்டிக்கிட்டு உக்காந்தா பாக்கறவன் சிரிப்பான். யாராவது கத்துக்குட்டிகிட்ட குடுங்க."

"கத்துக்குட்டின்னா நான்தான் இருக்கேன்" என்றாள் அண்ணி.

அவளுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் டோக்கன் போடுவதோடு சரி. இருந்தாலும் கொழுந்தனுக்கு வேலை கிடைத்தாக வேண்டுமே. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் நாள் அவள் செய்தது இதுதான்: பழைய கோப்பின் பெயருக்கு வால் மாதிரி இருக்கும் மூன்று எழுத்தை அழித்துவிட்டு, புதிய புரோகிராம் கேட்கும் வாலை ஒட்டினாள். மேதைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"நாய்க்குப் பூனைன்னு பேர் வெச்சா எலி பிடிக்குமா அண்ணி?"

இரண்டாம் நாள் ஒரு துளி விழுந்தது. விழுந்த துளி அப்படியே நின்றது. நின்றுவிட்டதா, மெதுவாகப் போகிறதா என்று பார்க்க அண்ணி மவுஸைத் தொட்டாள். தொட்டதும் மறைந்தது. மறுபடி விட்டாள், மறுபடி தொட்டாள். பதினோரு தடவை! தொட்டால் மறைவதுதான் ஸ்கிரீன்சேவரின் பிறவிக்குணம் என்பதுகூடத் தெரியாத ஜன்மம் என்று மேதை தலையிலடித்துக்கொண்டான். அதை வாய்விட்டும் சொன்னான். அண்ணனுக்கு முகம் சுண்டியது. அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் அவளே வழி கண்டுபிடித்தாள்.

"தம்பி, பழைய புரோகிராம் கூடவே நின்னு, 'அடுத்த படத்தை வரை, அடுத்த படத்தை வரை'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. புதுசு ஒரே தடவை 'ஆரம்பி'ன்னுட்டுப் போயிடுது. அதான் ஒத்தைத் துளியோட நிக்குது. அடுத்தடுத்து வரையச் சொல்றதை நாமதான் உள்ளே எழுதணும். சரிதானே?"

"இதைக் கண்டுபிடிக்க மூணு நாளா?" என்றான் மேதை. அவள் சொன்னது சரியா தப்பா என்று அவனுக்குத் தெரியாது.

ஆமாம், தெரியாது. அந்தப் பன்னிரண்டில் ஒரு வரிகூட அவன் எழுதியதில்லை. எழுதியது விடுதியில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன். வகுப்பில் எந்நேரமும் கண்ணை மூடிக்கொண்டிருப்பான். தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்ததே மேதைதான். கல்லூரி முடிந்த வாரம் அவன் கோப்புகளைச் சத்தமில்லாமல் நகலெடுத்து, தலைப்பில் தன் பெயரைப் போட்டுக்கொண்டான் இந்த மகானுபாவன். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று இருபது வருஷத்தில் ஒருநாளும் திறந்து படித்ததில்லை. அதோடு விட்டானா? வீட்டில் விருந்தாளி வந்தால் போதும், "ஒரு வரி எழுதத் தெரியாத தூங்குமூஞ்சி ஒருத்தன் என் ரூம்ல இருந்தான்" என்று கதை சொல்லிச் சிரிக்க வைப்பான். திருடியவனுக்கு வாய் மட்டும் காது வரை.

வெள்ளிக்கிழமை துளிகள் ஒழுங்காக விழுந்தன. அண்ணி கடைசியாக ஒன்று கேட்டாள்.

"தம்பி, கடைசில மூவாயிரத்து அறுநூறுன்னு ஒரு எண் இருக்கு. அதுக்குக் கீழே ரெண்டு வரி முழுக்க வெறும் எண்ணா நிக்குது. துளி விழறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே. எடுத்துடட்டா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எடுத்துவிடுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். மேதைக்கு அது வருமா?

"அய்யோ அண்ணி! அதுதான் உயிர்நாடியே. பெரிய கணக்கு அது, உங்களுக்குப் புரியாது. கை வெச்சுடாதீங்க."

அண்ணி கை வைக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காத்திருப்பு அறை டிவியில் துளி விழுந்தது. மவுஸ் பக்கம் யாரும் போகக்கூடாது என்று அண்ணி துப்புரவுப் பணியாளரிடம் சொல்லி வைத்தாள். மேதை இஸ்திரி போட்ட சட்டையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் அறுவை சிகிச்சை அறையிலிருந்து வெளியே வரப் பத்தாகிவிட்டது.

"அருமை!" என்று டிவியைப் பார்த்துக்கொண்டே கைகொடுத்தார். "எத்தனை வருஷம் கழிச்சும் அலுக்கலை. உங்களை மாதிரி ஆள்தான் எனக்கு வேணும்."

"சின்ன வயசு விளையாட்டு, டாக்டர்" என்றான் மேதை, அடக்கமாக.

அப்போது துளிகள் ஓரிடத்தில் கூடின. ஒன்றையொன்று ஒட்டி எழுத்தாக நின்றன. அறையில் பாதிப்பேர் சொட்டு மருந்து விட்டு மூடிய கண்களோடு இருந்தார்கள். ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெரியவர் மட்டும், டாக்டரைக் கண்டதும் இதுவும் பரிசோதனைதான் என்று நினைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து உரக்கப் படித்தார்.

"ஒரு மணி நேரம், தொடாமல், பார்த்ததற்கு, நன்றி. எழுதியவன், தூங்குமூஞ்சி. சரியா டாக்டர்?"

"சரிதாங்க" என்றார் டாக்டர். பிறகு மேதை பக்கம் திரும்பினார். "யாரு அது?"

மேதைக்கு அப்போதுதான் உறைத்தது: அந்த மூவாயிரத்து அறுநூறு, ஒரு மணி நேரத்தின் வினாடிக் கணக்கு. பழைய புரோகிராம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் எதையும் ஓடவிட்டதில்லை. அதனால் இருபது வருஷம் தப்பித்தவன். அப்போதும் புத்தி எங்கே போயிற்று பாருங்கள்.

"அது அண்ணி பண்ணின கோளாறு, டாக்டர். கத்துக்குட்டி. எதையோ எழுதித் தொலைச்சிருக்காங்க."

அண்ணி அவனையே பார்த்தாள். அந்த விருந்தாளிக் கதை அத்தனைக்கும் தட்டில் பலகாரம் வைத்துவிட்டு நின்று சிரித்தவள் அவள்.

"நான் எடுத்துடட்டான்னு கேட்டேன், தம்பி. நீங்கதான் உயிர்நாடின்னீங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. "டாக்டர், அது இவரோட ரூம்ல இருந்தவரு. ஒரு வரி எழுதத் தெரியாதவருன்னு இவரு சொல்லித்தான் எங்களுக்கெல்லாம் தெரியும்."

மேதை ஓடிப்போய் மவுஸைத் தொட்டான். எழுத்து மறைந்தது. ஆனால் படித்தது படித்ததுதானே.

டாக்டர் கத்தவில்லை. பலகையை ஆணியிலிருந்து கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"ஏம்மா, இதைப் புதுசுக்கு மாத்தினது நீங்களா? மத்த பதினொண்ணையும் மாத்துங்க. ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம் ஓடட்டும், உள்ளே என்ன இருக்குன்னு பாப்போம்." பிறகு மேதையிடம் கேட்டார்: "அவர் நம்பர் இருக்கா உங்ககிட்ட?"

இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அவன் கூப்பிடுவான், மேதை எடுக்கமாட்டான். இப்போது போனை எடுத்துத் தேடினான். தூங்குமூஞ்சி என்றுதான் பதிந்து வைத்திருந்தான். டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தோளுக்கு மேலாகப் பார்த்தபடி நின்றார்.