பலாமரத்தடிப் பெகோனியா

எட்சனின் முதல் வருட நினைவு ஜெபம் முடிந்து, கேசரியும் காபியும் சுற்றி வந்துகொண்டிருந்தபோதுதான் அவன் மனைவி ப்ரீதா அந்தப் பேச்சை எடுத்தாள். ஓசூருக்கு வெளியே ஒரு செல்போன் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைக்கும் போலிருந்தது. தங்க ஹாஸ்டலும் உண்டு.

மாமனார் ஐசக் தட்டைக் கீழே வைத்தார். சபையில் மூப்பர் அவர். சொன்னால் சொன்னதுதான் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரை, தான் பெற்ற பிள்ளையைவிடப் பத்திரமாகக் காத்துவந்தவர்.

“எங்க வீட்டு மருமக கம்பெனி பஸ்ஸுக்கு ரோட்டுல நிக்கிற வழக்கம் கிடையாது.”

“நாள் பூரா சும்மா எப்படி மாமா இருக்கிறது?”

“ஏன், உன் தோட்டம்தான் இருக்குதே!”

வந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். வீட்டின் வடபுறம், வெயில் விழாத பலாமரத்தடியில், அவளும் எட்சனும் ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த பெகோனியாச் செடிதான் அந்தத் தோட்டம். மழைக்காலம் முழுக்க, அடிப்பக்கம் சிவந்த இலைகளும் ரோஜா நிறப் பூக்களுமாக நின்றது. பனி இறங்கியதும் தண்டு தண்டாகக் கழன்று விழுந்து, இப்போது வெறும் மண். ப்ரீதா அதன்மேல் சருகைப் போர்த்தி, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் வைத்திருந்தாள்.

“அது சாகல மாமா. கிழங்கு உள்ள தூங்குது. இப்பத் தண்ணி ஊத்துனாதான் அழுகிடும். கோடை மழைக்கு எழுந்துக்கும்.”

“செத்தது எழுந்திருக்குமாம்!” என்றார் ஐசக். பாஸ்டர் இருமினார். ஐசக் கவனிக்கவில்லை. “எல்லாரையும் வெச்சே சொல்றேன். அது முளைக்கட்டும். அன்னைக்கே நீ பெட்டியக் கட்டு.”

“பாஸ்டர், கேட்டுக்கிட்டீங்கல்ல?” என்றாள் ப்ரீதா.

வாக்கு தெருவெல்லாம் பரவியது. ஐசக் ரேஷன் கடைக்குப் போனால்கூட, “என்னங்கய்யா, முளைச்சுதா?” என்று கேட்டார்கள்.

மே மாதம் இரண்டு நாள் விடாமல் மழை அடித்தது. அடுத்த நாள் விடிந்ததும் ஐசக் வடபுறம் போய்ச் சருகை விலக்கிப் பார்த்தார். ஈரமண்ணைப் பிளந்துகொண்டு செக்கச் சிவந்த முளைகள்.

மகன் போனதும் மருமகளைச் சம்பாதிக்க அனுப்பிவிட்டார் ஐசக் என்று நாலு பேர் பேசுவார்கள். வாக்குத் தவறினாலும் அதே நாலு பேர். யாருக்கும் தெரியாமல் தவறினால்? குனிந்தார். விரலாலேயே தோண்டி, கிழங்குகளைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். சருகை முன்பிருந்தது போலவே பரப்பினார்.

திரும்பியபோது பின்வாசலில் ப்ரீதா நின்றுகொண்டிருந்தாள்.

“முளைச்சுதா மாமா?”

“இல்ல.”

அவள் அவர் விரல்களைப் பார்த்தாள். “கையக் கழுவிட்டு வாங்க. காபி ஆறுது” என்று உள்ளே போனாள்.

அவர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் பெட்டியோடு வந்து நின்றாள்.

“யாரக் கேட்டு?” என்றார் ஐசக்.

“இத்தனை மாசம் உங்க சொல்ல நம்பித்தான் உக்காந்திருந்தேன். அவருகூட, ‘எங்கப்பா பொய் சொல்லமாட்டாரு’ன்னு சொல்லிச் சொல்லியே என்னைக் கட்டிக்கிட்டாரு. இனி யாரைக் கேக்கணும் மாமா?”

பாஸ்டரிடம் சொல்லிவிடுவாளோ என்பதுதான் அவர் மனதில் ஓடியது. அவளிடம் கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அவள் பின்னாலேயே வாசல் கேட் வரை போனார்.

எதிர்வீட்டு வெங்கடம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். “ஏம்மா ப்ரீதா, பெட்டியத் தூக்கிக்கினு எங்க? ஐயா, பாப்பா எங்க போவுது?”

ப்ரீதா தெருமுனையை நோக்கி நடந்தாள். ஐசக் முதுகை நிமிர்த்தினார்.

“வேலைக்கும்மா. செடி முளைச்சிடுச்சு. வாக்குக் கொடுத்தேன்ல, நானே அனுப்பி வெக்கிறேன்.”

தெருமுனையில் ப்ரீதா ஒரு கணம் நின்றாள். திரும்பாமலே போய்விட்டாள்.

“அட, நெசமாவா? சொன்ன சொல்லு மாறாத மனுசன்னா நீங்கதான்யா!” வெங்கடம்மாள் மாவுக் கையைத் தட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். “எங்க, நானும் ஒரு தரம் பாக்கறேனே.”

ஐசக் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டார்.